உருளைக்கிழங்கு சாலட்டை யார் செய்தது?

வெர்னிட்டா குட்லோ தன் புருஷனை மூன்று முறை அடித்தாள். முதல் இரண்டு அடிக்கு மெம்பிஸ் நகரத்தில் யாரும் அவளை உள்ளே தள்ளியிருக்க மாட்டார்கள். பன்னிரண்டு வருஷம் கிடைத்தது மூன்றாவது அடிக்குத்தான்.

புருஷன் பெயர் கிளீவான் ரட். டயர் கடையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மவுண்ட் பிஸ்கா சர்ச்சில் பாட்டு. பாட்டைக் குறை சொல்ல முடியாது. அவன் வாயைத் திறந்தால் முன் வரிசைப் பெண்கள் விசிறியைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணைத் துடைப்பார்கள். அந்த வாய்க்குச் சொந்தக்காரன்தான் வெர்னிட்டாவின் தாடையை இரண்டு முறை உடைத்தான். ஒரு முறை அவள் விரல்கள் உள்ளே இருக்கும்போதே கார் கதவைச் சாத்திவிட்டு, கவனிக்கவில்லை என்றான். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சொல்லித் திரிகிறவர்கள் கிளீவானோடு ஒரே ஒரு வாரம் குடித்தனம் செய்து பார்த்திருக்க வேண்டும். அப்புறம் அந்தப் பழமொழியை எடுக்க அவர்களுக்கு வாயில் பல் இருக்காது.

அது ஒரு சனிக்கிழமை காலை. மகள் கெசியாவுக்கு ஆறு வயது. அவளுக்காக அடுப்பில் சோளக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. இரவெல்லாம் எங்கோ கிடந்துவிட்டு வந்த கிளீவான் நாற்காலி கேட்டான். அந்த நாற்காலியில் பிள்ளை உட்கார்ந்திருந்தது. எழுந்திருக்கச் சற்றே நேரமாகிவிட்டது, அவ்வளவுதான். புறங்கையால் ஒன்று விட்டான். பிள்ளை சுவரில் போய் மோதி, அங்கிருந்து தவழ்ந்து மேஜைக்கு அடியில் ஒளிந்தது.

பிள்ளையின் மேல் அவன் கை வைத்தது அதுதான் முதல் தடவை. வெர்னிட்டா யோசிக்கவில்லை. கஞ்சிப் பானையைத் தூக்கி முகத்தில் வீசினாள். கொதிநீர் என்றால் வழிந்துவிடும். சோளக் கஞ்சி வழியாது, பிடித்துக்கொள்ளும். அவன் முகத்தைப் பிய்த்துக்கொண்டு கத்தினான். கத்திக்கொண்டே அவள் கழுத்தைத் தேடினான். அவள் இரும்பு வாணலியை எடுத்தாள். முதல் அடியில் மண்டியிட்டான். அவள் காலைப் பிடித்து இழுத்தான். இரண்டாவது அடியில் குப்புற விழுந்தான். அதோடு அவள் கெசியாவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. அவள் ஓடவில்லை. வாணலியை இரண்டு கையாலும் பிடித்து மூன்றாவதை இறக்கினாள்.

கெசியாவைக் கிளீவானின் அக்கா ஒஸெல்லா எடுத்துக்கொண்டாள். நீதிமன்ற வாசலில் விலங்கோடு நின்ற வெர்னிட்டாவின் முகத்துக்கு நேரே விரலை நீட்டிச் சொன்னாள்: "கேட்டுக்கோடி. உன் கையால ஒரு பருக்கை இனிமே என் வீட்டு ஆளுங்க வாயில போகாது. நான் சாகற வரைக்கும் போகாது."

சிறை என்ன சாந்த குணத்தையா கற்றுத் தரும்? அங்கே சமையலறையில் போட்டார்கள். நானூறு பேருக்குச் சமையல். காலுறைக்குள் பூட்டைப் போட்டுச் சுழற்றுகிறவர்கள், சர்க்கரையைக் கொதிக்க வைத்து முகத்தில் ஊற்றுகிறவர்கள் நடுவே வெர்னிட்டா பன்னிரண்டு வருஷம் கரண்டி பிடித்தாள். முதுகுக்குப் பின்னால் நின்ற ஒருத்தியைக் கரண்டியால் அடித்துக் காதைக் கிழித்ததற்கு இரண்டு மாதம் தனி அறை. வருஷா வருஷம் மகளின் பிறந்த நாளுக்குக் கடிதம் எழுதினாள். பன்னிரண்டும் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன.

வெளியே வந்தபோது அவளுக்கு நாற்பத்து நான்கு. அந்தப் பின்னணி உள்ளவளுக்கு யார் வேலை தருவார்கள்? மவுண்ட் பிஸ்கா சர்ச்சின் அடித்தளத்தில், பழைய சமையலறையில், மிஸ் தியோடோரா வகுப்பு நடத்துவதாகச் சொன்னார்கள். உடம்புக்கு நல்ல சமையல், ஊட்டச்சத்து, விருந்துக்குச் சமைத்துக் கொடுக்கும் தொழில், எல்லாம் இரண்டு வருஷப் பாடம். சிறையிலிருந்து வந்தவர்களுக்கும் இடம் உண்டு. சொல்லப்போனால் வகுப்பில் ஒன்பது பேர். அதில் ஏழு பேர் உள்ளே இருந்துவிட்டு வந்தவர்கள்.

மிஸ் தியோடோரா ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் பத்தியச் சாப்பாடு பார்த்தவர். குச்சி மாதிரி உடம்பு, இடி மாதிரி குரல். அவர் புருஷனுக்குச் சர்க்கரையால் முதலில் கால் விரல் போயிற்று, அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால், அப்புறம் ஆளே போய்விட்டார். அந்தக் கோபத்தை அவர் பன்றிக் கொழுப்பின் மேலும் உப்பின் மேலும் காட்டிக்கொண்டிருந்தார்.

"துப்பாக்கியால செத்தவங்களை டிவியில காட்டுறான். இதால செத்தவங்களை யாராச்சும் காட்டுறானா?" என்று உப்பு டப்பாவை மேஜையில் அடிப்பார். "காலர்டு கீரைக்குப் பன்றிக்கால் எதுக்கு? புகை போட்ட வான்கோழி போடு. சாலட்டுக்கு ஒரு வாளி மயோனைஸ் எதுக்கு? பாதி தயிர் கலக்கு."

"தயிரா?" என்று லான்ஸல் நெஞ்சைப் பிடித்துக்கொள்வான். வகுப்பிலேயே பெரிய உடம்பு அவனுக்கு. கார் திருடி உள்ளே போனவன். "மிஸ் தியோடோரா, என்னைப் பெத்த ஆத்தா கல்லறையில இருந்து எந்திரிச்சு வந்து என்னைச் செருப்பால அடிப்பா."

"வரட்டும். அவளுக்கும் ரத்தக் கொதிப்பு பார்த்து அனுப்புறேன்."

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது அக்கம்பக்கத்தின் உறுதியான கொள்கை. வகுப்பின் சமையலை ஆஸ்பத்திரிச் சோறு என்று கேலி செய்தார்கள். ஆனால் வெர்னிட்டா ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். கிழங்கு வெந்து ஆவி பறக்கும்போதே, இனிப்பு வெள்ளரி ஊறுகாயின் புளிப்புத் தண்ணீரை அதன் மேல் ஊற்றிவிட வேண்டும். சூட்டில் கிழங்கு அதைக் குடித்துவிடும். அப்புறம் பாதி உப்பு போதும், பாதி மயோனைஸ் போதும். கல்யாணமான நாளிலிருந்தே அவள் இப்படித்தான் செய்துவந்தாள். மிஸ் தியோடோரா ஒரு கரண்டி வாயில் போட்டுவிட்டு மீதியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். அந்தச் சமையலறையில் அவர் குறை சொல்லாத பண்டம் அது ஒன்றுதான்.

அங்கே இரண்டு சட்டங்கள். டப்பாவில் எதைப் போட்டு மூடினாலும் மூடியில் டேப் ஒட்டி, என்ன பண்டம், என்றைக்குச் செய்தது, செய்தவர் பெயர் மூன்றும் எழுத வேண்டும். "பேர் இல்லாத சோறு அநாதைச் சோறு. அதை நான் குப்பையில போடுவேன்" என்பார் மிஸ் தியோடோரா. போடவும் செய்தார். முதல் மாதம் வெர்னிட்டாவின் ஆறு டப்பா குப்பைக்குப் போயிற்று. அதன் பிறகு அவள் கை தூக்கத்தில்கூட டேப்பைக் கிழித்துப் பெயர் எழுதும்.

இரண்டாவது சட்டம் கோபத்துக்கு. கோபம் தலைக்கு ஏறினால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் எஃகு மேஜையில் விரித்து அழுத்த வேண்டும். மிஸ் தியோடோரா "எடு" என்று சொல்லும்வரை எடுக்கக் கூடாது. இது வெர்னிட்டா வந்த முதல் வாரமே பிறந்த சட்டம். ராஸ்கோ என்ற பையன் அவள் முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து மிளகுத் தூளுக்குக் கை நீட்டினான். அவள் திரும்பிய வேகத்தில் சூடான கரண்டி அவன் காதுப் பக்கம் பறந்து கதவில் குத்தி வளைந்தது. இன்னும் இரண்டு அங்குலம் இந்தப் பக்கம் வந்திருந்தால் ராஸ்கோவுக்குக் கண் போயிருக்கும். வெர்னிட்டா வெளிறிப்போய்த் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மிஸ் தியோடோரா அந்தக் கைகளைப் பிடித்து மேஜையில் வைத்து அழுத்தினார்.

"இது ரெண்டும் உன் கைதானே?"

"ஆமாம்."

"அப்ப நீ சொல்றதைக் கேட்கணும். கேட்கிற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்."

அன்றைக்கு நாற்பது நிமிஷம் நின்றாள்.

இரண்டு வருஷத்தில் அவள் மாணவியாக இருந்து முடித்து, மிஸ் தியோடோராவின் வலது கையாகிவிட்டாள். ஆனால் அவள் மனதில் இருந்தது பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. கெசியா ஒரு வாய், ஒரே ஒரு வாய், தன் கையால் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான். அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. ஒஸெல்லாவின் வீட்டுப் பக்கம் ஒரு முறை போய் நின்றாள். கதவு திறந்தது, ஒஸெல்லாவின் கைப்பையும் திறந்தது. அந்தப் பைக்குள் ஒரு கைத்துப்பாக்கி இருப்பது சர்ச்சுக்கே தெரியும். வெர்னிட்டா திரும்பி நடந்தாள். மாடி ஜன்னலில் ஒரு பெண்ணின் உருவம் நின்றது மட்டும் தெரிந்தது.

இந்த நிலையில்தான் கிளீவானின் தாய் இறந்துபோனாள். அவளையும் சர்க்கரைதான் கொண்டுபோயிற்று. வெள்ளிக்கிழமை அடக்கம், அடக்கம் முடிந்ததும் சர்ச் கூடத்தில் இருநூறு பேருக்குச் சாப்பாடு. பாஸ்டர் அதை மிஸ் தியோடோராவின் வகுப்புக்குக் கொடுத்துவிட்டார். ஒஸெல்லாவும் ஒத்துக்கொண்டாள், அம்மாவைத் தின்ற சாப்பாட்டையே அம்மாவின் சாவுக்கும் போட அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்.

"அவ சமைக்கக் கூடாது. அவ சமைச்சது ஒண்ணுகூட வரக் கூடாது."

"பாத்திரம் கழுவலாமா?" என்று கேட்டார் மிஸ் தியோடோரா.

"கழுவட்டும். அதுக்குத்தான் லாயக்கு."

வெர்னிட்டா ஒத்துக்கொண்டாள். கெசியா அந்தக் கூடத்துக்கு வருவாள். பரிமாறும் ஜன்னலின் இடுக்கு வழியாக ஒரு தடவை பார்த்தால்கூடப் போதும் என்று இருந்தது அவளுக்கு.

வியாழக்கிழமை மத்தியானம் எல்லாம் கெட்டது. கிழங்கு சாலட் லான்ஸலின் பொறுப்பு. அவனும் ராஸ்கோவும் வெட்டுக் கருவிக்காகச் சண்டை போட்டார்கள். முதலில் வாய்ச்சண்டை. "உன் மண்டைக்குள்ள இருக்கிறதும் கிழங்குதாண்டா" என்றான் ராஸ்கோ. லான்ஸல் அவன் சட்டையைப் பிடித்துக் குளிர்பெட்டியில் மோதினான். ராஸ்கோ முழங்காலால் வயிற்றில் ஒன்று வைத்தான். லான்ஸல் விழாமல் இருக்கக் கையை ஊன்றிய இடம் வெட்டுக் கருவியின் பிளேடு. உள்ளங்கை கட்டை விரலிலிருந்து மணிக்கட்டு வரை பிளந்துகொண்டது. நாற்பது பவுண்டு கிழங்கின் மேல் ரத்தம் பீய்ச்சியது.

"கையை வைங்க!" என்று மிஸ் தியோடோரா போட்ட சத்தத்தில் ஒன்பது பேரும் மேஜையில் கை வைத்தார்கள். லான்ஸலும் வைத்தான். அவன் கைக்கடியில் இருந்து சிவப்பாக ஓடியது.

அவனுக்குப் பதினாறு தையல். கிழங்கு முழுவதும் குப்பையில். புதிதாக வாங்கிய கிழங்கு மூட்டையை வெர்னிட்டாவின் காலடியில் தள்ளிவிட்டு மிஸ் தியோடோரா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மத்த எல்லாரும் கோழியிலயும் கீரையிலயும் மாட்டிக்கிட்டாங்க. நீதான் செய்யணும். கேட்டா லான்ஸல்னு சொல்லிக்கிறேன்."

"பொய் சொல்லுவீங்களா மிஸ் தியோடோரா? சர்ச்சுலயா?"

"பொய் இல்ல. மூடி வெக்கிறது. வாயை மூடிட்டு உரி."

கேட்டால் என்று அவர் சொன்னது சும்மா பேச்சுக்கு. கட்டாயம் கேட்பார்கள். எங்கள் கறுப்பின ஆட்கள் கோழியை யார் பொரித்தது என்று கேட்க மாட்டார்கள், கேக்கை யார் சுட்டது என்று கேட்க மாட்டார்கள். உருளைக்கிழங்கு சாலட் என்றால் மட்டும், கரண்டியைத் தொடும் முன் தலையைத் தூக்கி "இதை யார் பண்ணது?" என்று கேட்காமல் ஒருவன் சாப்பிட்டால் அவனை வளர்த்த வளர்ப்பு சரியில்லை என்று அர்த்தம். தெரியாத பெயரைச் சொன்னால் தட்டு நகர்ந்துவிடும். பூனை வளர்க்கிறவள், நகத்தில் அழுக்கு உள்ளவள், உலர்ந்த திராட்சை போடுகிறவள் என்று ஊருக்கு ஒரு பட்டியலே உண்டு. கையைத் தெரியாமல் வாயைத் திறக்கக் கூடாது.

வெர்னிட்டா செய்தாள். ஆவி பறக்கும் கிழங்கில் புளிப்புத் தண்ணீரை ஊற்றினாள், பாதி தயிர் கலந்தாள், முட்டையும் கடுகு விழுதும் சேர்த்தாள். இரண்டு பெரிய டப்பாக்களில் நிரப்பி மூடினாள். நாளைக்கு என் மகள் இதைச் சாப்பிடுவாள் என்ற நினைப்பு தவிர வேறு எதுவும் அவள் தலையில் இல்லை. அந்த நினைப்பிலேயே கை போய் டேப்பைக் கிழித்தது, மார்க்கரைத் திறந்தது, எழுதியது. அவளுக்குத் தெரியவே இல்லை.

மறுநாள் கூடம் கறுப்புத் தொப்பிகளால் நிறைந்தது. பரிமாறும் ஜன்னலின் தகரத்தை நான்கு விரற்கடை விட்டு இறக்கியிருந்தார்கள். பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு வெர்னிட்டா அந்த இடைவெளியில் கண்ணை வைத்துக் குனிந்து நின்றாள். முகம் தெரியவில்லை, வயிறுகளும் கைகளும்தான் தெரிந்தன. பச்சை நகச்சாயம் போட்ட இரண்டு கைகள் வந்தன. இடது மணிக்கட்டில் ஒரு மச்சம். வெர்னிட்டா தகரத்தோடு நெற்றியை ஒட்டினாள். அந்த மச்சத்தை அவள் ஆறு வருஷம் குளிப்பாட்டியிருக்கிறாள்.

முதல் டப்பாவை, மூடியை யாரும் கவனிக்காமலே, பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் கொட்டி வைத்திருந்தார்கள். ஒஸெல்லாதான் முதலில் கரண்டியை எடுத்தாள்.

"இதை யார் பண்ணது?"

"நான்தான் சிஸ்டர் ஒஸெல்லா" என்றான் லான்ஸல்.

"இந்தக் கட்டோடவா?"

"கிண்டுறதுக்கு ஒரு கை போதாதா? இன்னொரு கை உங்க அம்மாவுக்காக ஜெபம் பண்ணிச்சு."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஒஸெல்லா ஒரு வாய் வைத்தாள். நின்றாள். இன்னொரு வாய் வைத்தாள். தட்டில் இரண்டு கரண்டி நிறையப் போட்டுக்கொண்டு நகர்ந்தாள். அதைப் பார்த்த கூட்டம் சும்மா இருக்குமா? பத்து நிமிஷத்தில் கண்ணாடிப் பாத்திரம் காலி. கெசியாவின் முறை வந்தபோது சுரண்டினாலும் ஒன்றும் வரவில்லை.

"இருங்க, உள்ள இன்னும் இருக்கு" என்று லான்ஸல் ஓடினான். குளிர்பெட்டியில் இருந்த இரண்டாவது டப்பாவை அப்படியே மூடியோடு கொண்டுவந்து வைத்தான். ஒற்றைக் கையால் மூடி திறக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்ற ஒஸெல்லா திறக்கக் கை கொடுத்தாள். மூடியில் டேப் இருந்தது. *உருளைக்கிழங்கு சாலட். வியாழன். வெர்னிட்டா.*

ஒஸெல்லா அதைப் படித்தாள். ஒரு முறை படித்தாள், அவ்வளவுதான். வாயில் இருந்ததைத் துணியில் துப்பினாள். கெசியாவின் தட்டைப் புறங்கையால் அடித்தாள். கோழியும் கீரையும் பறந்து சுவரில் அப்பின. லான்ஸலைக் கட்டுப் போட்ட கையிலேயே பிடித்துத் தள்ளினாள். அவன் அலறிக்கொண்டு மேஜையோடு சாய்ந்தான். சமையலறைக் கதவை அவள் உதைத்த உதையில் கீல் கழன்றது.

"செஞ்சிட்டியா? என் வாயிலயே போட்டுட்டியா? எங்கம்மா பொட்டி மண்ணுக்குள்ள இறங்கி இன்னும் ஒரு மணி நேரம் ஆகலடி!"

வெர்னிட்டா எஃகு மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றாள். அவள் இடது முழங்கைக்குப் பக்கத்தில் கீரைத் தண்ணீர் ஒரு பெரிய பானையில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. ஒஸெல்லா அடுப்பைப் பார்த்தாள். சோள ரொட்டி சுட்ட இரும்பு வாணலி காலியாக இருந்தது. அதை எடுத்தாள்.

"எதால அடிச்ச? இதாலதானே?"

வெர்னிட்டா இரண்டு உள்ளங்கையையும் மேஜையில் விரித்து அழுத்தினாள்.

வாணலி வலது கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் கூடம் வரை கேட்டது என்று அப்புறம் சொன்னார்கள். வெர்னிட்டாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகை இல்லை, உறுமல். அவள் கண் பானையின் கைப்பிடிக்குப் போயிற்று. இடது கைக்கு அந்த வழி நன்றாகத் தெரியும். ஒரு நொடி வேலை. ஒஸெல்லாவின் முகம், கொதிக்கிற தண்ணீர், முடிந்தது. பன்னிரண்டு வருஷச் சிறையும் இரண்டு வருஷப் பாடமும் அந்த ஒரு நொடியில் காற்றாய்ப் போயிருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், அவளுக்கு ஆசையாக இருந்தது.

கதவில் பச்சை நகங்கள் தெரிந்தன.

இடது கை எழவில்லை. இரண்டாவது அடி அதன் மேலேயே விழுந்தது. மேஜை குழிந்தது. விரல் நுனியிலிருந்து ரத்தம் எஃகின் மேல் பரவியது. வெர்னிட்டாவின் கால் மடங்கிற்று, கைகள் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தன.

ஒஸெல்லா மூச்சு வாங்கிக்கொண்டு வாணலியைத் தலைக்கு மேலே இரண்டு கையாலும் தூக்கினாள். இந்த முறை அவள் பார்த்தது கைகளை இல்லை, வெர்னிட்டாவின் தலையை. பின்னால் இருந்து கெசியா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மூணு வேணாம் அத்தை."

"விடுடி!"

"ரெண்டோட நிறுத்துங்க. மூணாவது வேணாம். நான் மேஜைக்கு அடியில இருந்து எண்ணினேன். மூணாவதுக்கு அப்புறம் எனக்கு அப்பாவும் இல்ல, அம்மாவும் இல்ல. இப்ப அத்தையும் இல்லாமப் பண்ணாதீங்க."

வாணலி கீழே விழுந்து உருண்டது. ஒஸெல்லா வெங்காய மூட்டையின் மேல் உட்கார்ந்து, தொப்பி சாய, அம்மா அம்மா என்று அழுதாள். கிளீவான் என்றும் அழுதாள். அவளுக்கு அவன் தம்பி. சின்ன வயதில் அவள் முதுகில் தூக்கி வளர்த்த பிள்ளை. அதையும் சொல்லத்தான் வேண்டும். கூடத்திலிருந்து நூறு தலைகள் எட்டிப் பார்த்தன. மிஸ் தியோடோரா கதவை மறித்து நின்றுகொண்டு, "சாப்பாடு ஆறுது, போய்ச் சாப்பிடுங்க" என்று இடித்தார்.

"மிஸ் தியோடோரா" என்றாள் வெர்னிட்டா. உதடு வெள்ளையாக இருந்தது. "கையை எடுக்கலாமா?"

"எடுடா கண்ணு. எடு." அந்த இடிக் குரல் உடைந்து நாங்கள் கேட்டது அன்றைக்குத்தான்.

ஈரத்துணியில் ஐஸ் கட்டி அவள் கைகளைச் சுற்றிக்கொண்டிருந்தபோது கெசியா எதிரே வந்து நின்றாள். இருபது வயது, அப்பனின் உயரம், அம்மாவின் நெற்றி. பதினான்கு வருஷத்துக்குப் பிறகு ஒருத்தரை ஒருத்தர் நேராகப் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் கெசியா. "கோர்ட்டுல நீங்க ஞாபகம் இல்லன்னு சொன்னீங்களாம். மூணாவது எதுக்கு?"

வக்கீல் சொல்லிக் கொடுத்த பதில் வெர்னிட்டாவிடம் இன்னும் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"ஞாபகம் இருக்கு. முதல் ரெண்டும் உனக்காக. மூணாவது எனக்காக. தாடைக்கு, கார் கதவுக்கு, எல்லாத்துக்கும். அவன் எந்திரிக்க மாட்டான்னு தெரிஞ்சுதான் அடிச்சேன். உன்னைத் தூக்கிட்டு ஓடியிருக்கணும். ஓடல. அதுக்கு எங்கிட்ட மன்னிப்பு கேக்கக்கூட வார்த்தை இல்ல."

கெசியா திரும்பினாள். கூடத்துக்குப் போனாள். இரண்டாவது டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து, ரத்தம் படாத மூலையில் வைத்துத் திறந்தாள். கரண்டியை எடுத்தாள். எடுத்தவள் நிறுத்தி, எங்கள் ஆட்கள் எல்லாரும் கேட்கிறபடி, தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"இதை யார் பண்ணது?"

"நான்" என்றாள் வெர்னிட்டா.

ஒரு வாய் சாப்பிட்டாள். மெதுவாக மென்றாள். வெங்காய மூட்டையிலிருந்து ஒஸெல்லா பார்த்துக்கொண்டிருந்தாள், தடுக்கவில்லை. இன்னொரு வாய் சாப்பிட்டாள்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றாள் கெசியா.

"கம்மியாத்தான் இருக்கணும்" என்றாள் வெர்னிட்டா. அப்போதுதான் அவளுக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கக் கை இல்லை.

வெளியே ஆம்புலன்ஸ் வந்து நின்றது. போலீஸ்காரன் கேட்டபோது வாணலி நழுவி விழுந்தது என்று வெர்னிட்டா சொன்னாள். இரண்டு முறை நழுவிற்றா என்று அவன் கேட்டான், ஆமாம், வழுக்குகிற வாணலி என்றாள். அவளைத் தள்ளிக்கொண்டு போகும்போது கெசியா இரண்டு காகிதத் தட்டில் சாலட்டை நிரப்பி வெள்ளித்தாளால் மூடிக்கொண்டிருந்தாள். ஒன்று தனக்கு, ஒன்று அத்தைக்கு. அப்புறம் டப்பா மூடியில் இருந்த டேப்பை நகத்தால் நெம்பி, கிழியாமல் உரித்து, அத்தையின் தட்டு மேல் ஒட்டி அழுத்தினாள்.

"எதுக்குடி அது?" என்றாள் ஒஸெல்லா.

"வீட்டுக்குப் போனதும் யார் பண்ணதுன்னு கேப்பீங்கல்ல" என்றாள் கெசியா.